உங்களுக்குத் தெரியுமா? கேபிள் தொடாத முள்

1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவான எம்.ஜி.ஏ காரில், எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதென்று காட்டும் டாக்கோமீட்டரின் முள்ளுக்கும், எஞ்சினிலிருந்து சுழன்றுகொண்டே வரும் கேபிளுக்கும் ஸ்பரிசமே கிடையாது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அது அலுமினியக் கிண்ணமொன்றில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி, மெல்லிய சுருள்வில்லின் எதிர்ப்பையும் மீறி முள்ளை இழுக்கிறது.

● கிறீச்சென்ற சப்தத்துடன் முள்ளும் நடுங்குமாயின், மீட்டர்ப் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுக. சப்தம் நின்றால் குற்றவாளி மீட்டர். நிற்காவிடில் கேபிளையே சந்தேகிக்க வேண்டும்.

● கேபிளின் உள்கம்பிக்குக் கிரீஸ் சொற்பமாகவே தடவி, மீட்டரையடுத்த சுமார் 20 சென்டிமீட்டரைத் துடைத்துவிடுக. இல்லையேல் கம்பி சுழலச் சுழல கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் பிரவேசித்துவிடும்.

● கேபிளின் வளைவு கூர்மையாயிருந்தால் எத்தனை கிரீஸும் விருதா.