மருந்துகளால் 225,000 மரணங்களா?

"அமெரிக்காவில் ஆண்டுக்கு 225,000 பேர் வைத்தியத்தாலேயே இறக்கிறார்கள்." முன்பு மின்னஞ்சலில் சுற்றிய இந்தச் செய்தி இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை நம்பி, "டொக்டர், பிரஷர் குளிசையை விட்டுட்டன்" என்று வந்து சொல்பவர்களை நாம் காண்கிறோம்.

கணக்கு கற்பனையல்ல. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதாரக் கொள்கை ஆய்வாளர் பேராசிரியர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட் (2011இல் காலமானார்) 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் எழுதியது அது. பிறருடைய மதிப்பீடுகளைக் கூட்டிப் பெற்ற தொகை. 106,000 மருந்துகளின் பாதக விளைவுகள், 80,000 வைத்தியசாலைத் தொற்றுகள், மிகுதி தவறுகளும் தேவையற்ற சத்திரசிகிச்சைகளும். பெரும்பாலான தரவுகள் வைத்தியசாலையில் தங்கியிருந்த நோயாளிகளைப் பற்றியவை என்று அவரே குறிப்பிட்டிருந்தார். வீட்டில் காலையில் ஒரு குளிசை போடுபவரின் கதை வேறு.

ஓர் ஆய்வாளரின் செல்வாக்கை, மற்றவர்கள் அவரை எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி அளப்பது வழக்கம். அந்த அளவில் ஸ்டார்ஃபீல்ட் முன்வரிசையில் நிற்பவர். ஆனால் முழுதும் வாசித்தவரும் ஒரு வரியைப் பிய்த்தெடுத்தவரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான்.

மருந்தை விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தொடர்ந்து பார்க்கும் குடும்ப வைத்தியர் ஒருவர் எல்லோருக்கும் வேண்டும் என்றே பல காலம் வாதிட்டார். ஆரம்ப மருத்துவ சேவை பலமாக உள்ள இடங்களில் மரணங்கள் குறைவு என்பதற்கான சான்றுகளை 2005இல் இரு சகாக்களுடன் தொகுத்தும் தந்தார். (எமக்கு இது இனிப்பான செய்திதான், மறைப்பானேன்?)

குளிசையில் பயமிருந்தால், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எது வேண்டும், எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.