செய்மதி காட்டும் பயிர்ச் சுழற்சி

ஒரே நிலத்தில் ஒரே பயிரை ஆண்டுதோறும் இடுதல் ஆகாது என்பது உழவர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. தானியம் விளைந்த நிலத்திற் பின்னர் பயறோ கடலையோ இட்டால், அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்தி மண்ணை வளமாக்கும். ஒரு பயிரையே பற்றி வாழும் பூச்சியும் நோயும் இரையின்றிக் குன்றும். இவ்வாறு பயிரை மாற்றி இடுதலையே பயிர்ச் சுழற்சி என்பர். தன் வயலிற் சென்ற போகத்தில் இட்டது யாது என்பதை ஒவ்வோர் உழவனும் அறிவான். ஆனால், ஒரு மாநிலம் முழுவதிலும் எந்நிலத்தில் எப்பயிரின் பின் எப்பயிர் வருகின்றது என்பதை அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தருவன பூமியைச் சுற்றிவரும் செய்மதிகள்.

பச்சை இலை, சூரிய ஒளியிலுள்ள சிவப்புக் கதிரைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரையோ பெரிதும் திருப்பி அனுப்பிவிடுகின்றது. இவ்விரண்டின் வேறுபாட்டை அளந்தால், வயலின் பசுமை எத்துணை என்பது ஓர் எண்ணாகக் கிடைக்கும். 1972 ஆம் ஆண்டு யூலையில் அமெரிக்கா ஏவிய முதலாவது லாண்ட்சாற் செய்மதி இவ்வளவீட்டுக்கு வழி திறந்தது. அதன் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 80 மீற்றர் அகலமுள்ள நிலத்தைக் குறித்தது. 2015 முதல் ஐரோப்பியர் ஏவிய சென்ரினல்-2 செய்மதிகளின் படத்திலோ ஒரு புள்ளி 10 மீற்றரே. ஆதலாற் சிறிய வயலும் தனித்துத் தெரிகின்றது.

எனினும், ஒரு நாளிற் பிடித்த படம் போதாது. பசுமை எல்லாப் பயிர்க்கும் பொது. அது காலத்தோடு மாறும் ஒழுங்கே பயிரை அடையாளங் காட்டும். இந்தியாவின் பஞ்சாப் மாநிலம் இதற்குத் தக்க சான்று. யூன், யூலை மாதங்களில் ஒரு வயல் முதலில் நீர்ப்பரப்பாகத் தோன்றி, பின் பசுமையுற்று, ஒக்ரோபரிற் பசுமை இழக்குமாயின் அது நெல். நவம்பரின் பின் மீண்டும் பசுமை ஏறி, பெப்ரவரியில் உச்சமுற்று, ஏப்பிரலில் மறையுமாயின் அது கோதுமை. சோள வயலில் அவ்வாறு நீர் தேங்கி நிற்பதில்லை. கரும்பு ஆண்டின் பெரும்பகுதியும் பச்சையாகவே நிற்கும். மழைக்கால முகில் படத்தை மறைக்கும்போது, முகிலை ஊடுருவும் ராடார் அலைகள் துணைசெய்கின்றன. ஆயினும், ஆய்வாளர் சில வயல்களுக்கேனும் நேரிற் சென்று பயிரைப் பார்த்துப் படத்தோடு ஒப்பிட்டாலன்றி அப்படத்தை நம்புதற்கில்லை. இங்ஙனம் சரிபார்த்த பல ஆண்டுப் படங்களை வரிசையாக அடுக்கினால், சுழற்சியின் வரைபடம் உருவாகும்.

பஞ்சாப்பின் வரைபடத்திற் பெரும்பகுதி காட்டுவது ஒரே வரிசைதான்: நெல், கோதுமை, மீண்டும் நெல். 1960-61 இல் அங்கு நெல் விளைந்த நிலம் ஏறக்குறைய 2.3 இலட்சம் ஹெக்டேயர்; இன்றோ 30 இலட்சத்துக்கும் மேல். முன்னர் விளைந்த கடலையும் பருப்பு வகைகளும் சோளமும் ஒதுங்கிவிட்டன. நெல்லையும் கோதுமையையும் அரசு உறுதியான விலைக்கு வாங்குகின்றது. நீர் இறைக்கும் பம்பிகளுக்கு மின்சாரம் இலவசம். ஆதலின் உழவரைக் குறைகூறுவதற்கில்லை.

ஆனால், நிலத்தடி நீர் இறங்கலாயிற்று. பூமியின் ஈர்ப்பில் உண்டாகும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு நீரை அளக்கும் கிரேஸ் என்னும் இரட்டைச் செய்மதிகள் 2002 இல் ஏவப்பட்டன. பஞ்சாப்பும் அயலிலுள்ள அரியானா, இராசத்தான், டில்லிப் பகுதிகளும் 2002 தொடக்கம் 2008 வரையில் 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீரை இழந்தன என்று அவற்றின் தரவுகளைக் கொண்ட ஆய்வு 2009 இல் மதிப்பிட்டது. அதே ஆண்டில், யூன் 10 ஆம் நாளுக்கு முன் நாற்று நடலாகாது எனப் பஞ்சாப் அரசு சட்டம் இயற்றியது. நடவு பிந்தவே அறுவடையும் பிந்தியது. கோதுமை விதைக்குமுன் கிடைக்கும் சில கிழமைகளுள் வயலைத் துப்புரவாக்கவேண்டிப் பலர் வைக்கோலுக்குத் தீயிடுகின்றனர். அத்தீயையும் செய்மதிகள் காட்டுகின்றன.

நாளை மாற்றுவதால் மட்டும் குறை தீராது, பயிர் மாறவேண்டும். சோளமும் பருப்பும் வயலுக்குத் திரும்பவேண்டுமாயின், நெல்லுக்குப் போன்று அவற்றுக்கும் நம்பத்தக்க விலையும் வாங்குவோரும் இருத்தல் வேண்டும். எந்த வட்டாரத்தில் மாற்றம் தொடங்கிற்று, எங்கே தொடங்கவில்லை என்பதைச் செய்மதிப் படம் ஆண்டுதோறும் சொல்லவல்லது. அதனைக் கொண்டு உழவனுக்கு வழி செய்து கொடுப்பது ஆட்சியாளரின் கடனாகும்.