பாதியில் நிறுத்திய பாட்டு

சென்ற மாதம் ஒரு மத்தியான வேளை. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செல்போனில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். (பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்காத வீடு எங்கள் விருதுநகரில் உண்டா!) அப்போது 'பாசமலர்' பாட்டு வந்தது. எந்தப் பாட்டு என்று கேட்கமாட்டீர்கள். பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் இருந்து தாலாட்டுவார்களே, அதேதான்.

"என்னம்மா, வெங்காயம் உரிச்சாத்தானே கண்ணுல தண்ணி வரும்? பூண்டுக்குமா?" என்றாள் மகள்.

"புகை" என்றேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை!

அந்தப் படம் 1961-ல் வந்தது. அப்போது நான் பிறக்கவே இல்லை. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில், டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடியது. சிவாஜியையும் சாவித்திரியையும் நினைத்து அழாதவர்கள் அந்தக் காலத்தில் கிடையாது. ஆனால் எனக்கு அழுகை வருவது அவர்களுக்காக அல்ல. அந்தப் பாட்டு காதில் விழுந்தால் மைதாப் பசையின் வாடை என் மூக்கில் ஏறும். கூடவே என் அக்காவின் முகம் வரும்.

சாத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் எங்கள் கிராமம். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி. (தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டோம். தீப்பெட்டியானாலும் வெடியானாலும் எங்களுக்கு 'ஆபீஸ்'தான்.) விடிவதற்கு முன்பே பஸ் வந்து தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அம்மா அக்காவை பஸ்ஸில் ஏற்றவில்லை. வீட்டிலேயே பெட்டி ஒட்ட உட்கார்த்தினாள். அதுவரைக்கும் அவளுக்கு அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. காமராஜர் கொண்டுவந்த மதியச் சோறும் அதோடு போயிற்று. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. கூலி குரோஸ் கணக்கில்தான். ராத்திரி அரிக்கேன் விளக்கைச் சுற்றி நாங்கள் இருவரும் உட்காருவோம். வெளிச்சத்தில் ஒரு பாதி என் புத்தகத்துக்கு. மறு பாதி அவள் பசைக் கிண்ணத்துக்கு. எதிர்வீட்டுத் திண்ணையில் டிரான்ஸிஸ்டர் பாடும். திருநெல்வேலி வானொலி, அது முடிந்தால் இலங்கை வானொலி. கடல் தாண்டி வந்தாலும் எங்கள் பக்கம் கணீரென்று கேட்கும். 'பாசமலர்' பாட்டு வந்துவிட்டால் அக்காவும் கூடவே பாடுவாள். கை மட்டும் நிற்காது. பாட்டு முடிவதற்குள் எத்தனை பெட்டி என்று நான் எண்ணுவேன். எனக்கு அது விளையாட்டு.

அந்தக் கூலியில்தான் எனக்கு நோட்டு, புத்தகம், பாவாடை எல்லாம். நான் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டி, டவுனில் ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு விருதுநகர் வந்தேன். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். அவள் பெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

1991-ல் அம்மா இறந்துபோனாள். எங்கள் ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி என்றால் வெறும் அழுகை என்று டவுன்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வாயைத் திறந்து பேச இடமே கிடைக்காத பெண், செத்தவரை முன்னால் வைத்துக்கொண்டு தன் வாழ்க்கைக் கணக்கை எடுத்துச் சொல்லும் இடம் அது. கட்டிக் கொடுத்த வீட்டில் பட்டது, மதினி சொன்ன சொல், கிடைக்காத சேலை எல்லாமே அதில் வரும். அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது ஊர் வழக்கம்.

அக்காவின் முறை வந்தது. நன்றாகப் பாடுவாள் என்பதால் மற்றவர்கள் குரலை இறக்கிக்கொண்டார்கள். அம்மாவைத் தங்கமே வைரமே என்று கொண்டாடிவிட்டு, தன் கதைக்கு வந்தாள். சிலேட்டை வாங்கி வைத்துவிட்டுப் பசைக் கிண்ணத்தைக் கையில் கொடுத்ததைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. என் வீட்டுக்காரரின் ஆபீஸ் ஆட்கள். நான் எழுந்து போய் அக்காவின் தோளைத் தொட்டு, "சத்தம் போடாதக்கா, வெளியாளுக வந்திருக்காக" என்றேன்.

அக்கா நிறுத்திவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான்.

வந்தவர்கள் முன்னால் கௌரவம் போகக் கூடாதே என்றுதான் நிறுத்தினேன் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். சிலேட்டு வந்துவிட்டது, அடுத்து அந்தப் பாட்டில் நான் வருவேன் என்று பயந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சகோதரிகளே, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, அன்று ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெண்களின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, ராகம் புரிந்தது. செய்தி வாசிப்பவர் பேசத் தொடங்கியதும் அந்தக் குரல் தேய்ந்து மறைந்துவிட்டது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சோகப் பாட்டு கேட்டால் மனசு கெட்டுப்போகும், பிள்ளை பெற்றவள் கேட்கவே கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் மகளின் செல்போனை அணைக்கத்தான் பார்த்தேன். ஆனால் பெர்லினில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தினர் 772 பேரிடம் கேட்டு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சோகப் பாட்டு அதிகம் கிளப்பிவிடுவது துக்கத்தை அல்ல, பழைய நினைவின் ஏக்கத்தை என்று தெரிந்ததாம். பலருக்கு அது ஆறுதலாகவும் இருக்கிறது. பழைய வேதனையையே சதா அசைபோடும் சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டும் மனம் இன்னும் தாழ்ந்துபோகக் கூடும்.

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பல பெண்களுக்கு உள்ளதுதான். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். அதைத் தாண்டியும் அழுகை நிற்காமல், தூக்கம் பிடிக்காமல், பிள்ளை மேல் ஒட்டுதல் வராமல் இருந்தால் பாட்டின் மேல் பழி போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. என் மகளைக் கவனித்துப் பார்த்தேன். அவள் நன்றாகத்தான் இருந்தாள். அழுதது நான்!

பிள்ளையைக் குளிப்பாட்ட மறுவாரம் அக்கா வந்தாள். கால்களை நீட்டி, பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, தண்ணீர் ஊற்றுவதில் அவளுக்கு ஈடு கிடையாது. ஈரத் தலையைத் துவட்டிச் சாம்பிராணி காட்டும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, அம்மா செத்த அன்னைக்குப் பாதியில நிறுத்துனியே... அதை இப்பப் பாடுவியா?"

நிமிர்ந்து பார்த்தாள். மறக்கவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"பச்சப்பிள்ள இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கவா? போத்தா, கூறுகெட்டவளே."

"என் மேல கோபமா இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு." துண்டை உதறி மடித்தாள். "படிக்க முடியலையேன்னு இல்ல. அன்னைக்கு ஒரு நாள்தான் எல்லாரும் கேட்டிருப்பாக."

ஒப்பாரியைக் கேட்ட நேரத்துக்குப் பாட முடியாது. அதற்கென்று ஒரு நாள் உண்டு. அந்த நாள் போய்விட்டால் போனதுதான். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். ஆட்டத் தொடங்கினாள்.

எங்கள் அம்மா பாடிய அதே தாலாட்டு. தாய்மாமன் கொண்டுவரும் சீரில் ஆரம்பித்து ஊர் ஊராகச் சுற்றிவரும். கேட்டுக்கொண்டே நின்றேன். இழுத்து இறக்கும் இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1991-ல் கேட்ட அதே இறக்கம். எங்கள் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான்; ராகத்தில் அத்தனை சாயல்.

வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் "அம்மா!" என்று குரல் கொடுத்தார். அக்கா பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீ பாடுக்கா" என்றேன்.

சிலிண்டர் மறுநாள்தான் வந்தது.