கறி தின்னாதவர் மூளையில் புழு

வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பார்கள். அதனால் பயன் இல்லை. நம் நாட்டில் பலருக்கு வலிப்பு வர ஒரு காரணம், பன்றி நாடாப்புழு.

பன்றிக்கறி சரியாக வேகவில்லையா? அதிலுள்ள குஞ்சுப் புழு, தின்றவர் குடலில் வளரும். 2 முதல் 7 மீட்டர் நீளம் ஆகும். ஆனால் பெரிய தொல்லை தராது. புழு இருப்பதே பலருக்குத் தெரியாது.

அவர் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாது. வெளிக்குப் போய்விட்டுக் கை கழுவாமல் சமைத்தால் சோற்றில் ஒட்டும். வயலில் மலம் கழித்தால் கீரையில் ஒட்டும். அந்த முட்டையை விழுங்கியவருக்குத்தான் ஆபத்து. குஞ்சுப் புழு ரத்தத்தோடு மூளைக்குப் போகும். அங்கே பட்டாணி போலக் கட்டியாகும். பல ஆண்டு கழித்துக்கூட வலிப்பு வரும்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். 1990, 1991 ஆண்டுகளில் அங்கே யூதர்கள் 4 பேருக்கு இப்படி வலிப்பு வந்தது. அவர்கள் மதத்தில் பன்றிக்கறி விலக்கு. வீட்டு வேலைக்கு வந்த ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்தது!

இந்தியாவில் பெரும்பாலும் மூளையில் ஒரே கட்டி இருக்கும். தென் அமெரிக்காவில் பலருக்குப் பல கட்டிகள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சிலருக்குத் தோலுக்கு அடியிலும் கட்டி தட்டுப்படும்.

வலிப்பு உள்ளவர் தானாகப் பூச்சி மாத்திரை தின்னக் கூடாது. கட்டி சாகும்போது மூளை வீங்கலாம். டாக்டர் ஸ்கேன் பார்த்துத்தான் மருந்து தருவார்.