உள்ளே ஆள் இருக்கு!

உங்கள் வீட்டு பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள் சார். எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்... இருக்கிறதா? பேஷ்! போட்டால் விழுகிறதா?

அங்கேதான் விஷயமே. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் தாழ்ப்பாள் இருக்கும். அது போய் விழவேண்டிய ஓட்டை ஒரு அங்குலம் கீழே இருக்கும். மழைக்காலத்தில் கதவு ஊறிப்போய் இன்னும் அரை அங்குலம் தள்ளிவிடும். விருந்தாளியாகப் போனால் வீட்டுக்காரர் வெளியே நின்று பாடம் நடத்துவார். "கதவை லேசாத் தூக்குங்க... முழங்காலால ஒரு இடி... ஆங், இப்பத் தள்ளுங்க. விழுந்துச்சா? விழலைன்னா விடுங்க தம்பி, நம்ம வீடுதானே!"

இந்த 'நம்ம வீடுதானே' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஊர் அடிவாரம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் இடம். இங்கே வீடு வைத்திருப்பவனுக்கு உறவுக்காரர்கள் ஜாஸ்தி. மே மாதம் கோடை விழா வந்துவிட்டால், திருச்சி, ஈரோடு, பெங்களூரு என்று எங்கிருந்தெல்லாமோ சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட மச்சான் எல்லோரும் "மலை ஏறுறதுக்கு முன்னாடி உன்னை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு..." என்று வந்து இறங்குவார்கள். என் மேல் எவ்வளவு பாசம் என்று ரொம்ப நாள் உருகிக்கொண்டிருந்தேன். வேனிலிருந்து இறங்கியதும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி "சௌக்கியமா?" இல்லை, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்பதைக் கவனிக்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

பாத்ரூம் புழக்கடையில், எங்கள் பேச்சில் பொடக்காலியில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னால் மலை. மலையிலிருந்து குரங்குகள். சோப்பு வைத்தால் சோப்பு போகும், ஷாம்பு வைத்தால் ஷாம்பு போகும். ஒரு தடவை என் ஒன்றுவிட்ட மச்சான் உள்ளே இருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தாட்டியான கடுவன் நுழைந்து, அவர் டவலை எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியேறியது. அப்புறம் அவர் கொடைக்கானலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

ஏன், தாழ்ப்பாள் போடவில்லையா என்றுதானே கேட்கிறீர்கள்? இருந்தால்தானே போடுவதற்கு!

2019 கார்த்திகையில் ஒரு நாள் காலை. ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, குளிக்கப் போனாள். பத்து நிமிஷத்துக்கெல்லாம் 'தொப்'பென்று ஒரு சத்தம். பக்கெட் உருளும் ஓசை. அப்புறம் சத்தமே இல்லை. நானும் அப்பாவும் கதவைத் தட்டுகிறோம், கத்துகிறோம், பதிலில்லை. கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினோம். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் கதவு நாலு விரல் அகலம்தான் திறந்தது. ஆயா கதவுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தாள். கடைசியில் மேலே காற்றுக்காக வைத்திருந்த ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி, பக்கத்து வீட்டு ஒல்லிப் பையனை உள்ளே இறக்கித்தான் அவளை நகர்த்தினோம்.

நெற்றியில் ஆறு தையல். வேறொன்றுமில்லை, ஈஸ்வரன் கிருபை. கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "என் பொடவை எங்கடா?"

இந்த வார்த்தையை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை. பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே அப்பா உத்தரவு போட்டுவிட்டார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர். "இனிமே இந்த வீட்ல பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ள தண்ணி சத்தம் கேட்டா வெளிய நிக்கணும். கேக்கலைன்னா குரல் குடுக்கணும். அவ்ளோதான்." அப்புறம் வழக்கமான அந்த வரி: "குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவு மறைவு?"

அவரைத் தப்பு சொல்ல முடியாது. வயசானவர்கள் பாத்ரூமில் விழுவது ஈரத்தரை வழுக்கி மட்டுமில்லை. வெந்நீர் பட்டால் ரத்தக் குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும். உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து கண்ணை இருட்டும். முக்கினாலும் அப்படித்தான். கேஸ் கீசரை பாத்ரூமுக்குள்ளேயே மாட்டி, காற்றுப் போக வழியில்லாமல் குளிப்பவர்கள் கதை இன்னும் மோசம். எரிகிற கேஸ் அறையிலிருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிட்டு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. திடகாத்திரமான இளவட்டங்களே குளிக்கப் போய்ப் பிணமாக வந்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் செய்திகளையெல்லாம் அப்பா பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். வாதாடினால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவருவார்.

ஆக, ஐந்து வருஷம் எங்கள் பாத்ரூம் தாழ்ப்பாளில்லாமலே ஓடிற்று.

இது ஒன்றும் புதுசில்லை என்பாள் ஆயா. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் பாத்ரூமே கிடையாது. விடியுமுன் கிணற்றடியில், மாருக்கு மேல் கட்டிய பாவாடையோடு இரண்டு குடம் ஊற்றிக்கொண்டால் குளியல் முடிந்தது. அப்புறம் நாலு கம்பு நட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி வந்தது. தட்டிக்கு ஏது தாழ்ப்பாள்? ஆம்பளைகள் இருபதடி தூரத்திலேயே தொண்டையைச் செருமவேண்டும், உள்ளே இருப்பவள் சொம்பைத் தட்டிக் காட்டவேண்டும். மேலே கூரை இல்லாத அந்தத் தட்டி மறைப்பை அரசாங்கமே ஒரு வகையாகக் கணக்கில் எடுத்திருக்கிறது தெரியுமோ? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'கூரையில்லாத அடைப்பு' என்றே தனிக்கட்டம். இந்திய வீடுகளில் 42 சதவிகிதத்தில் முறையான பாத்ரூம் இருந்தது. 16.4 சதவிகிதம் இந்த அடைப்பு. மிச்சம் 41.6 சதவிகித வீடுகளில் இரண்டுமே இல்லை. தாழ்ப்பாளுக்குக் கட்டம் ஒதுக்கவில்லை. பி.காம். படித்த புத்திக்கு அந்தக் காலியிடம்தான் முதலில் கண்ணில் பட்டது.

இதற்கு நேர்மாறு இருபது வளைவுக்கு மேலே. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடி வைத்தார். பின்னாலேயே தோட்டங்கள், துரைமார் பங்களாக்கள். அந்தக் காலத்து பங்களாக்களில் பாத்ரூமுக்கு இரண்டு கதவு வைப்பது வழக்கம். படுக்கையறையிலிருந்து துரை வர ஒன்று. வெந்நீர் சுமப்பவரும் கூட்டிக் கழுவுபவரும் பின்பக்கமாக வந்துபோக ஒன்று. ஒரு ஆள் குளிக்க இரண்டு கதவு! அந்த வெந்நீரைச் சுமந்தவர் வீட்டுப் பெண்கள் எங்கே குளித்தார்கள் என்பதை எந்த துரையும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

2014க்குப் பிறகு தூய்மை பாரதம் திட்டத்தில் கழிப்பறை கட்ட வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்திலும் கட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் குழி வெட்டி, சுவர் எழுப்பி, பேசின் பதித்துக் கடைசியில் கதவுக்கு வரும்போது கையில் எவ்வளவு மிஞ்சும்? ஒரு தகரக் கதவு, ஒரு கொக்கி. இரண்டு மழைக்கு நாதாங்கி துருப்பிடித்து உதிரும். அப்புறம் ஆணியும் சணல் கயிறும்தான்.

நிற்க. எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

என் மகளுக்கு 2024ல் பன்னிரண்டு வயசு. ஏழெட்டு மாதமாகவே ஒரு புதுப் பழக்கம். குளிக்கும்போது பாடுவாள். நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை விடாமல், சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, ஸ்கூல் பிரேயர், எல்லாம். உச்சஸ்தாயி! கிணற்றடிவரை கேட்கும். அடியேனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பரம்பரையில இல்லாத சங்கீதம்!" என்று சகதர்மிணியிடம் பூரித்துப்போய், அவளைக் கேட்காமல், மகளையும் கேட்காமல், ஒரு பாட்டு டீச்சரைப் பிடித்து மூன்று மாத ஃபீஸை அட்வான்ஸாகக் கட்டிவிட்டு வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் குழந்தை முகம் விழுந்துவிட்டது.

"எனக்குப் பாட்டே புடிக்காதுப்பா."

"அப்புறம் டெய்லி பாடுறியே கண்ணு?"

"தாழ்ப்பாள் இல்லேல்ல... நிறுத்துனா யாராச்சும் கதவைத் தள்ளிடுவாங்கப்பா. சோப்பு போடுறப்ப தண்ணிச் சத்தம் வராதில்ல?"

எனக்குப் பேச்சு வரவில்லை. சகதர்மிணி அரிசி களைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "நான் ரெண்டு பக்கெட் ரொப்பி கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் குளிக்கிறேன். அஞ்சு வருஷமா. உங்க சொந்தக்காரங்க வர்ற அன்னிக்குக் குளிக்கிறதே இல்ல. ராத்திரிதான்."

"சொல்லியிருக்கலாமே?"

"மாமாகிட்ட யாரு சொல்றது? நீங்களும் கேக்கல."

ஐந்து வருஷம்! அந்த பாத்ரூமில் நான் அரையடி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றவேண்டிய அவசியமே எனக்கு இல்லை, அதுதான் சங்கதி.

அன்று ராத்திரி அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். ஆயுதங்களோடுதான் போனேன். 2017 ஆகஸ்ட் 24ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி என்கிற ஓய்வுபெற்ற நீதிபதி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னதைச் சொன்னேன். குளிக்கும் பெண்ணை, கழிவறையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பது 2013லிருந்து தனிக் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77வது பிரிவு, முதல் தடவைக்கே குறைந்தது ஒரு வருஷம் ஜெயில் என்றேன்.

"நம்ம வீட்ல யாருடா ஒளிஞ்சு பாக்குறா?" என்று எகிறினார் அப்பா. நியாயமான கேள்வி. யாருமில்லை. ஆனாலும் குழந்தை பயந்துகொண்டுதானே பாடுகிறது என்றால், "அன்னிக்கு ஆயா உள்ள கெடந்தாளே, மறந்துட்டியா? தாழ்ப்பாளை வெச்சு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று நோட்டுப் புத்தகத்தை எடுக்க எழுந்தார்.

அப்போதுதான் கயிற்றுக் கட்டிலிலிருந்து ஆயாவின் குரல் வந்தது. "எனக்காகக் கழட்டுனேன் கழட்டுனேங்கறியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

அப்பா நின்றார்.

"மண்டை ஒடைஞ்சது எனக்கு ஞாபகமில்ல. அந்தப் பையன் முன்னாடி துணியில்லாமக் கெடந்தேன் பாரு, அது இன்னிக்கும் ராத்திரி ஞாபகம் வருது. அதுக்கப்புறம் ஒரு நாளாச்சும் நான் நிம்மதியாக் குளிச்சிருப்பேனா? பொடவையைச் சுத்திக்கிட்டுத்தான் ஊத்திக்கறேன். ஈரப் பொடவை கால்ல சிக்குது. அதுல விழுந்தா?"

ஆயாவுக்கு 83 வயசு. ஹெட்மாஸ்டருக்கு ஹெட்மாஸ்டர். நோட்டுப் புத்தகம் அலமாரிக்குள்ளேயே இருந்துவிட்டது.

மறுநாள் ஆசாரி வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், பீடியை அணைத்தார். "ஏனுங்க, அன்னிக்குப் பாட்டிம்மாவை வெளிய எடுக்க முடியாமப் போனது தாழ்ப்பாளாலயா? அதைத்தான் பிச்சுட்டீங்களே. கதவு உள்பக்கமாத் தொறக்குது. ஆள் விழுந்தா எப்புடித் தொறக்கும்? அதைச் சரி பண்ணாம தாழ்ப்பாளைக் கழட்டிப் போட்டிருக்கீங்க!"

படித்த குடும்பத்துக்கு ஐந்து வருஷமாகத் தோன்றாத விஷயம் சார் இது. அப்புறம் தேடிப்பார்த்தால், பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறைகளுக்கு மத்திய அரசு 2016ல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இது இருக்கிறது: கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும் அல்லது பக்கவாட்டில் நகரவேண்டும், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி பூட்டு வேண்டும் என்று.

ஆசாரி கீல்களைக் கழற்றி, நிலையைச் செதுக்கி, கதவைத் திருப்பி மாட்டினார். உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியே ஒரு சின்னப் பிளவு, அதில் நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கும். ஆள் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. ஆயா பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கூலியோடு சேர்த்து ஒரு தடவை குடும்பத்தோடு மலை ஏறி இறங்கி ஓட்டலில் சாப்பிடுகிற செலவுதான்.

அப்பா ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தைத் தீப்பெட்டிக்குள் போட்டு, கதவுக்கு மேலே நிலையில் வைத்திருக்கிறார். "அவசரத்துக்கு." தினமும் காலையில் ஒரு தடவை எடுத்துக் குலுக்கிப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு தடவை குரங்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது. புது நாணயம் வைத்தாயிற்று.

இப்போது காலையில் பொடக்காலி நிசப்தம். ஆயா டவலோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்கிறாள்.

"உள்ள யாரு?"

"நான்தான் பெரியாயா... பத்து நிமிஷம்!"

"பத்தா? ம்... ஆகட்டும், ஆகட்டும்."

பாட்டு டீச்சரிடம் கட்டிய மூன்று மாத அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாமா கூடாதா என்றுதான் நானும் சகதர்மிணியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.