கீரிமலைக் கேணி

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர்க்குக் கடல் கடைசிவரையிலே தன் முகத்தைக் காட்டுவதில்லை. கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்க, இடையிடையே செம்மண் தோட்டங்கள் மட்டுமே கண்ணிற் படும். மாவிட்டபுரத்தில் மேற்கே திரும்பிய பின்னர்தான் காற்றில் உப்பின் வாடை ஏறுகின்றது. மொத்தம் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். காலையிற் புறப்பட்டு நீராடிவிட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இத்துணை அருகிலிருக்கும் கீரிமலை, 1990ஆம் ஆண்டின் போருக்குப் பின்னர் ஏறத்தாழ இரு தசாப்தங்கள் எட்டாத் தொலைவாகிவிட்டது. உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அது அடங்கிக் கிடந்த நாள்களிலே, காசிக்குச் சென்று கங்கையில் மூழ்கிவந்த யாழ்ப்பாணத்தார் உண்டு. தம் தந்தையர்க்கு ஆடி அமாவாசையன்று கீரிமலையிலே நீர்க்கடன் செய்ய இயலாதவராய் இருந்தோரும் அவர்களே.

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு சென்றேன். நகுலேசுவரர் ஆலயத்தைத் தரிசித்துக் கரைக்கு இறங்கினால், கேணியும் கடலும் ஒருங்கே தோன்றும். இரண்டுக்கும் நடுவே ஒரு கற்சுவர், அவ்வளவே. சுவருக்கு அப்பால் அலை மோதித் திவலை தெறிக்கின்றது. இப்பால் தெளிந்த நீர் அசையாது நிற்கின்றது. சிறுவர்கள் சுவரின்மேல் ஏறி நின்று கேணிக்குட் குதிக்கின்றார்கள். பெண்களுக்கு மறைப்புடன் கூடிய தனிக் கேணி உண்டு. ஒரு கையளவு நீரை அள்ளி நாவில் வைத்தேன். மெல்லிய உவர்ப்பு, ஆயினும் அது கடல்நீர் அன்று.

குதிரை முகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையையும், கீரிமுகம் நீங்கிய நகுல முனிவர் கதையையும் நம்மவர் யாவரும் அறிவர். அவற்றை இங்கே விரிக்கவில்லை. இன்னொரு கதை உண்டு. அதனை மக்கள் அத்துணை மதிப்பதில்லை. புத்தூர்ப் பக்கத்திலுள்ள நிலாவரைக் கிணற்றில் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்குமாம். தேசிக்காய் வந்ததோ இல்லையோ, அக்கதையைக் கட்டிய பாட்டன் நம் நிலத்தின் அமைப்பை நன்கு உணர்ந்தவன் என்றே கருதுகின்றேன்.

குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் மழையிற் பெரும்பகுதி, செம்மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கல்லிடுக்குகளிற் புகுந்துள்ள கடல்நீரோ கனமானது. மழைநீர் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனாலேயே. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலாரின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலெழும் என்பதும் அதே கணக்குத்தான். இவ்வாறு உள்நாட்டிலே தங்கிய மழையில் எஞ்சியது கல்லின் வழியே நடந்து கடலைச் சேருமிடங்களுள் ஒன்று கீரிமலை. நாம் தீர்த்தம் என்று தலையிற் தெளித்துக்கொள்வது, யாரோ ஒருவருடைய தோட்டத்திற் பெய்த மழையே.

படியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னை எச்சரித்தார். “தம்பி, உதிலை பாசி கிடக்கு. பார்த்து இறங்கும்.”

“ஐயாவுக்கு இந்த ஊரோ?”

“இந்த ஊர்தான். தொண்ணூறிலை வெளிக்கிட்டு, இருவது வருசத்துக்கு மேலை மானிப்பாயிலை கிடந்தம். திரும்பி வந்து பார்த்தா வீடும் இல்லை, வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. கேணி மட்டும் கிடந்தது.”

“தண்ணீர் பழையபடியே இருந்ததோ?”

“வந்துகொண்டுதான் இருந்தது. ஆனா முந்தின ருசி இல்லைத் தம்பி. உவர் கூடிப்போச்சு.”

நாவின் நினைவைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பர். எனினும், அவர் சொல்லைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950ஆம் ஆண்டளவிலே தொடங்கி 1990 வரை இயங்கியது. அதற்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் இன்றும் இந்தச் சுற்றுவட்டாரத்திற் கிடக்கின்றன. நீரைத் தாங்கும் பாத்திரத்தையே உடைத்து மூட்டை கட்டி விற்றோம் என்று சொன்னால் சிலர் சினப்பர். அவ்வாலையிலே நம்மூர் இளைஞர் பலர் பிழைத்தனர் என்பதும் மெய்யே. துலா மிதித்து இறைத்த காலத்தில், மனிதனின் கால் சோர்ந்தபோது கிணறும் இளைப்பாறியது. இயந்திரம் சோர்வதில்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தினால் வந்த நைத்திரேற்று குடிநீர் வரம்பைக் கடந்துள்ளமையை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். சுன்னாகத்திலோ, 2014ஆம் ஆண்டையொட்டி, மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. அதன்பொருட்டு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லுக்குள் நடக்கும் நீர் ஊரெல்லை பார்ப்பதில்லை.

நான் கரையேறி ஈரம் துவட்டிக்கொண்டிருக்கையில், ஆசிரியர் ஒருவர் முப்பது மாணவர் வரையில் அழைத்துக்கொண்டு வந்தார். கேணியைக் காட்டிக் குதிரைமுகக் கதையை அழகாகவே கூறினார். ஒரு சிறுமி மட்டும் சுவருக்கு அப்பாலிருந்த கடலையும் இப்பாலிருந்த நீரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “சேர், பக்கத்திலை கடல் இருக்க, இந்தத் தண்ணி எங்கையிருந்து வருது?” என்று கேட்டாள். ஆசிரியர் என்னை நோக்கிச் சிரித்தார். திரும்பும் வழியிலே சுன்னாகத்திற் கிழக்கே திரும்பினால் நிலாவரை உண்டென்றும், பேருந்துக்காரர் உடன்பட்டால் அரைமணி நேரம் போதுமென்றும் அவரிடம் சொன்னேன்.