விலை வைப்பது இரண்டாவது ஆள்!

ஊர் ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று குரல் கொடுக்க ஒருவர் நிற்பார். ஈபே என்ற இணையச் சந்தையின் ஏலத்தில் அவர் இல்லை. கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஐந்து நாளாக அசையாமல் கிடந்த விலை கடைசிப் பத்து நொடியில் தடதடவென்று ஏறும். சும்மா பார்க்கிறவருக்கே நெஞ்சு படபடக்கும்! அந்தப் பத்து நொடிக்காக விற்கிறவர் முன்கூட்டியே என்னவெல்லாம் செய்து வைத்திருக்கிறார் தெரியுமா? வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம்.

முதல் ரகசியம்தான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். ஈபேயில் ஏலம் கேட்பவர் தன் உச்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அது வேறு யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் கேட்கக் கேட்க, அவர் சார்பில் கணினி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். ஒரு கேமரா ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 200 டாலர் வரை தரத் தயார். இன்னொருவர் 120 வரை. கேமரா எவ்வளவுக்குப் போகும்? 122 டாலர் 50 சென்ட்! இரண்டாவது ஆளைத் தாண்ட ஒரு படி போதும். அந்த மட்டத்தில் ஒரு படி என்பது இரண்டரை டாலர். முதல் ஆள் 2,000 டாலர் தரத் தயாராக இருந்தாலும் இதே விலைதான். ஆனால் இரண்டாவது ஆள் 160 வரை வரத் தயாரானால், விலை 162.50-க்குத் தாவிவிடும்.

ஆக, விலையை வைப்பது ஜெயிக்கிறவர் அல்ல, தோற்கிறவர்! இது புரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த இரண்டாம் விலைக் கணக்கைப் பொருளியல் கோட்பாடாக 1961-இல் எழுதியவர் வில்லியம் விக்ரி. 1996-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார். ஆனால் அவருக்கு வெகு முன்பே, 19-ஆம் நூற்றாண்டிலேயே, அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகள் கடிதம் வழியாக இதே முறையில் ஏலம் நடத்தியிருக்கிறார்கள்.

அப்படியானால் விற்கிறவரின் வேலை என்ன? அந்த இரண்டாவது ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிவருவது. மிச்சமெல்லாம் அதற்குள் அடக்கம்.

கேனான் ஏஈ-1 என்ற பழைய பிலிம் கேமராவையே எடுத்துக்கொள்வோம். 1976-இல் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. இன்றைக்கும் பிலிமில் படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் இதைத் தேடி அலைகிறார்கள். ‘பழைய கேமரா, அழகாக இருக்கிறது’ என்று போட்டால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். ஏனென்றால், இந்த கேமராவை விரும்புகிறவருக்கு அதன் நோய்களும் அத்துப்படி. பேட்டரி மூடி உடைந்திருக்கும். ஷட்டரை அழுத்தினால் ‘கீச்’ என்று ஒரு சத்தம் வரும். பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை பிசுபிசுவென்று உருகியிருக்கும். லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கும். இந்தச் சந்தேகங்களில் ஒன்று மிச்சமிருந்தாலும் இரண்டாவது ஆள் 160-ஐ மறந்துவிட்டு 90-இல் நின்றுவிடுவார்.

தேர்ந்த விற்பனையாளர் மேஜையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்! ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சம். பேட்டரி மூடிக்குத் தனிப் படம். பின்கதவைத் திறந்து நுரைப்பட்டைக்கு ஒரு படம். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து, பூஞ்சை இல்லை என்று காட்ட ஒரு படம். கீறல் இருந்தால் அதற்கு இரண்டு படம்! ஆமாம், குறையை மறைக்காமல் கிட்டத்தில் காட்டுவார். கீறலைப் பார்த்தவர், வேறெதுவும் ஒளிந்திருக்காது என்ற தைரியத்தோடு கேட்பார். கடைசியில் பேட்டரியைப் போட்டு ஷட்டரை அழுத்திப் பார்த்து, ‘கீச்’ சத்தம் இல்லை என்று எழுதுவார். ‘சோதித்துப் பார்த்தது’ என்ற அந்த ஒரு வரி பொன்னானது.

அடுத்து தலைப்பு. 80 எழுத்துக்குறிகள்தான் இடம். ‘அற்புதம்’, ‘அரிய பொருள்’ என்று அதை வீணடிக்கக் கூடாது. யாரும் ‘அற்புதம்’ என்று தேடுவதில்லை. நிறுவனப் பெயர், மாடல், லென்ஸ் அளவு, சோதித்ததா இல்லையா, இவைதான் வேண்டும். எழுத்துப்பிழை வந்தால் கதை கந்தல். 1852-ஆம் ஆண்டு ஆர்க்டிக் பயணத்துக்காகக் காய்ச்சிய ஆல்சாப் நிறுவனத்துப் பீர் பாட்டில் ஒன்று, சீல் உடையாமல், 2007-இல் ஈபேயில் வந்தது. அந்தப் பெயரில் ஆங்கிலத்தில் இரண்டு ‘பி’ வரவேண்டும். விற்றவர் ஒன்றுதான் போட்டிருந்தார். 304 டாலருக்குப் போய்விட்டது! வாங்கியவர் எழுத்தைத் திருத்தி மறுபடி ஏலத்தில் விட்டார். கேட்பு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தப் பணம் கைக்கு வரவில்லை, கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறார். ஆனாலும் ஒரே ஒரு எழுத்து எத்தனை பேரின் கண்ணிலிருந்து அந்த பாட்டிலை மறைத்திருந்தது பாருங்கள்.

தொடக்க விலைதான் வயிற்றைக் கலக்கும் இடம். 1938-இல் பத்து சென்ட்டுக்கு விற்ற, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் பிரதி ஒன்று 2014 ஆகஸ்டில் ஈபேக்கு வந்தது. தொடக்க விலை 99 சென்ட்! முடிந்த விலை 32,07,852 டாலர்! குறைந்த தொடக்கம் கூட்டத்தைக் கூட்டும், கூட்டம் இன்னும் கூட்டத்தை இழுக்கும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது. கூட்டம் உள்ளே வரத் தடை இருந்தால், உதாரணத்துக்குப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், இந்த உத்தி கவிழ்ந்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னது. என் கருத்து இதுதான்: ஏஈ-1 மாதிரி பலர் தேடும் பொருளென்றால் துணிந்து 99 சென்ட்டில் விடலாம். உலகத்தில் நாலே பேர் சேகரிக்கும் விசித்திரப் பொருளென்றால் வேண்டவே வேண்டாம். அந்த நாலு பேரில் இரண்டாவது ஆள் அந்த வாரம் கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்.

எப்போது முடிவது? எந்த நேரத்தில் தொடங்குகிறதோ அதே நேரத்தில்தான் ஏலம் முடியும். அதனால் அமெரிக்காவில் விற்கிறவர்கள் பலர் ஞாயிறு மாலையைக் குறிவைப்பார்கள். வியாழன் மாலை பத்து நாள் ஏலமாகப் போட்டால், இரண்டு வார இறுதிகளைப் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை முடியும்! கலிபோர்னியாவில் கோடைக்கால ஞாயிறு மாலை ஆறு மணி என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. இங்கிருந்து அங்கே விற்கிறவர் காபியும் கையுமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைசி நொடியில் பாய்வதற்கு ‘ஸ்னைப்பிங்’ என்று பெயர். அது ஏன் நடக்கிறது என்று ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் அழகாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்த காலத்தில் அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் தானாகப் பத்து நிமிடம் நீளும். அதனால் அங்கே கடைசி நேரப் பாய்ச்சல் மிகக் குறைவு. ஈபேயில் நேரம் நீளாது, எனவே பதுங்கியிருந்து பாய்கிறார்கள். பழம்பொருள் ஏலங்களில் இது இன்னும் அதிகம். விஷயம் தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால், இந்தப் பொருளில் ஏதோ இருக்கிறது என்று மற்றவருக்குக் காட்டிக்கொடுத்துவிடுமே! ஆகவே ஐந்து நாள் விலை அசையவில்லை என்று விற்கிறவர் கலங்க வேண்டியதில்லை. எத்தனை பேர் அதைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது ஆள் கிடைக்காவிட்டால் மச்சானை விட்டுக் கேட்க வைக்கலாமா? கூடவே கூடாது. அது கள்ள ஏலம், குற்றம். 2000-இல் ஓர் ஓவியம் இருபத்தைந்து சென்ட்டில் தொடங்கி 1,35,805 டாலருக்கு ஏறியது. கூட்டாளிகளே கேட்டு ஏற்றியது வெளியே வந்து விற்பனை ரத்தானது, வழக்கு நீதிமன்றம் போனது. நல்ல பெயரே காசு தரும்போது இந்த வேலை எதற்கு? பழைய படத் தபாலட்டைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரே வகை அட்டைகளை நல்ல பெயரெடுத்த பழைய கணக்கிலும் புத்தம்புதுக் கணக்குகளிலும் விற்றுப் பார்த்தார்கள். பழைய கணக்குக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வாங்குவோர் தயாராக இருந்தார்கள்.

கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாயிற்று, கேமரா 162.50-க்குப் போயிற்று. விற்றவர் ஓய்ந்துவிட்டாரா? அலமாரியில் இன்னொரு ஏஈ-1 இருக்கிறதே! தோற்றவருக்கு, அவர் கேட்ட அதே 160 டாலருக்குத் தரும் ‘செகண்ட் சான்ஸ் ஆஃபர்’ என்ற வசதி ஈபேயிலேயே உண்டு. நூலிழையில் தவறவிட்ட ஏக்கத்தில் இருக்கிறவருக்கு அந்தச் செய்தி போகிறது. இவர் அடுத்த பார்சலுக்கு அட்டைப்பெட்டி தேடக் கிளம்பிவிட்டார்!